டிக் போட்ட கட்டை

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இங்கே வந்து உட்கார்ந்த இந்த அரை மணி நேரத்திலேயே அதை என்னால் காட்ட முடியும். மேடம், உங்கள் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனில் ஓர் இறக்கையின் திருகு தளர்ந்திருக்கிறது. கான்ஸ்டபிள் வெளியே நிறுத்திய வண்டியின் செயின் தொளதொளவென்று போய்விட்டது, இந்த வாரமே இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் ஒருவர், "பெருசு எதுக்கு வந்துக்கீது?" என்று கேட்டார். அதற்கு இன்னொருவர், "அந்த மரப்பட்டறை கேஸு. காது கேக்காது, சத்தமா பேசு" என்றார். இரண்டும் கேட்டது. இரண்டாவது ஆள் சொன்னதைத் திருத்தத்தான் நான் வந்திருக்கிறேன்.

நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நல்லதுதான். மற்றவர்கள் எழுதினால் வார்த்தை மாறிவிடுகிறது. என் விஷயத்தில் அப்படி ஒருமுறை ஆகியும் விட்டது.

சென்ற ஆடி மாதம் எங்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கடைசல் மெஷினில் ஒரு மாங்கட்டை பிளந்து, இளம்பரிதி என்கிற இருபத்தேழு வயதுப் பையன் இறந்துபோனான். விபத்து என்று நீங்களே முடித்த கேஸ் அது. பட்டறை கொடுத்த அறிக்கை உங்கள் ஃபைலில் இருக்கும். "கட்டையைச் சோதித்த சென்னப்பன், வயது அறுபத்தொன்று, முதுமையின் காரணமாகச் செவித்திறன் குன்றியவர். உள்வெடிப்பின் சத்தம் அவர் காதில் விழவில்லை" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். என் வயது சரி. மற்றது சரியில்லை.

பட்டறை மத்தூர் ரோட்டில், போச்சம்பள்ளி சிப்காட் தாண்டி இருக்கிறது. தகரக் கூரை, ஏழு மெஷின், பதினெட்டு பேர். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற சாமான்களைக் கடைந்து கப்பலில் அனுப்புகிறோம். குண்டு, மணி, கூம்பு, தொப்பி போட்ட பனிப் பொம்மை. டிசம்பரில் விற்கிற சாமானைச் சித்திரையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். சாயம் காய்வதற்காகப் பனிப் பொம்மைகளை வாசலில் தார்ப்பாய் விரித்து நிறுத்துவோம். அந்த வெயிலில் ஆயிரம் பனிப் பொம்மைகள் வரிசையாக நிற்கிறதைப் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். எங்களில் ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை.

மரத்துக்குப் பஞ்சமில்லை. காய்ப்பு நின்ற மாமரத்தை இந்த ஜில்லாவில் தினமும் எங்காவது வெட்டுகிறார்கள். ஆனால் மாங்கட்டை நம்பத்தகுந்த கட்டை அல்ல. மரத்தின் நடு நெஞ்சு சேர்ந்து வருகிற கட்டை, காயும்போது உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதை மெஷினில் மாட்டி வேகம் வைத்தால் பிளந்து பறக்கும். அதனால் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். அந்த வேலை என்னுடையது. இங்கே எட்டு வருஷம், அதற்கு முன் மத்தூரில் மரம் அறுக்கிற மில்லில் இருபத்து மூன்று வருஷம்.

சின்னக் கட்டையை ஒரு மூலையில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, வளைத்த விரலால் சுண்டுவேன். பெரிய கட்டையைப் பிரிமணை மேல் உட்கார வைத்து, சின்ன மரச்சுத்தியால் நான்கு பக்கமும் தட்டுவேன். நல்ல கட்டை கணீரென்று பேசும். வெடித்த கட்டை முடிவில் ஒரு சின்னக் கரகரப்பு காட்டும். சந்தையில் பானை வாங்குகிற பெண்கள் சுண்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களே, அதேதான், அதைவிட நூறில் ஒரு பங்கு சின்னதாக. நல்லதற்குச் சாக்பீஸில் டிக். கெட்டதற்குக் குறுக்குக்கோடு, அது நேராக அடுப்புக்குப் போகும்.

நான் டிக் போட்ட கட்டையை வேறு யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்படியொரு சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. விருந்துக்கு வந்தவன் இலையில் போட்ட சோற்றை முகர்ந்து பார்ப்பானா? பார்க்க மாட்டான். அதுபோலத்தான். இந்தப் பழக்கத்தை நீங்கள் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

இளம்பரிதியைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பையன். இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் பட்டறையில் அவனளவுக்கு உளி பிடிக்கத் தெரிந்தவன் கிடையாது. உளியை அழுத்த மாட்டான், கட்டையின் மேல் சாய்த்து வைப்பான், சுருள் சுருளாகச் சீவல் விழும். பீடி இல்லை, குடி இல்லை. எங்கள் ஊர்தான், பாரூர் ஏரிக்குக் கிழக்கே அவர்கள் தெரு. அவன் அம்மா சாந்தம்மா எங்கள் வயலில் பல வருஷம் நாற்று நட்டவள். அவன் அப்பா உயிரோடு இருந்தவரை என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். இவன் பட்டறையில் எல்லாரையும் போல "ணா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, நாமும் கொஞ்சம் மாறத்தான் வேண்டும்.

இது சாதிப் பிரச்சினையா என்று வந்ததுமே கேட்டீர்கள். இல்லை. பட்டறையில் மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவன் பாட்டிலில் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன். அண்ணாந்து குடித்தேன், ஆனால் அது என் பழக்கம், என் மனைவி நாகம்மா இருந்தபோது அவள் சொம்பிலும் அப்படித்தான் குடிப்பேன். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது.

எனக்கு ஒரே பெண், பிரியதர்ஷினி. ஓசூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். வைகாசியில் லீவுக்கு வந்தவள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். இளம்பரிதியும் அவளும் பாரூர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான்கு வருஷமாகப் பழக்கம் என்றாள். எனக்குக் கை நின்றுபோனது. ஆனால் கத்தவில்லை. நான் கத்துகிற ஆளில்லை. தயிர் ஊற்றச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஒரு பை நிறைய மல்கோவா வாங்கி வந்திருந்தான். இந்த ஊரில் மாம்பழம் வாங்கி வருகிறவனை நான் அன்றுதான் பார்த்தேன். உள்ளே வந்து, நான் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்தான். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் பிரியாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காரு" என்றாள். ஆனாலும் அவன் என் முகத்தைப் பார்த்திருக்கலாம். காபி கொடுத்தோம். அவனுக்குப் பேப்பர் கப்பில் ஊற்றினேன், டம்ளர்கள் கழுவக் கிடந்தன. பிரியா தன் டம்ளரை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பேப்பர் கப்பை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"எங்க அம்மாவும் வரேன்னாங்க மாமா. நான்தான் மொதல்ல உங்ககிட்ட பேசிட்டு வரேன்னு சொன்னேன்" என்றான்.

மாமா. முந்தின நாள் வரைக்கும் "ணா". நான் கொடுக்காத ஒன்றை அவன் என் வீட்டுக்குள் உட்கார்ந்து தானாக எடுத்துக்கொண்டான். நீங்கள் இதைச் சாதி என்பீர்கள். நான் மரியாதை என்கிறேன்.

"ஆடி வருது. ஆடி போவட்டும், ஆவணில பேசிக்கலாம்" என்றேன். இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. நான் சம்மதித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை, அதனால் சொன்னேன். வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அப்போது வைக்கவில்லை.

ஊரில் விஷயம் கசிந்தது. கோயில் கூட்டத்தில் என் பங்காளி ஒருவன் எல்லார் முன்னிலையிலும், "என்னாப்பா சென்னப்பா, புது மாப்ளைக்கு எந்தத் தெரு?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள், எனக்கு அதுதான் எரிந்தது. ஆனால் அந்தக் கேள்விக்காக நான் எதையும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கட்டையைப் பற்றி. ஜெர்மனிக்காரர் ஒருவர் கடை வாசலில் தொங்கவிடப் பதினான்கு அங்குல மணி இருபத்து நான்கு கேட்டிருந்தார். அவ்வளவு பெரிய உருப்படியை ஏழாம் நம்பர் மெஷினில்தான் கடைய முடியும். அதை இளம்பரிதி ஒருவன்தான் ஓட்டுவான். கட்டை பறந்தால் தடுக்க அந்த மெஷினுக்கு ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. பதினான்கு அங்குலம் அதற்குள் அடங்கவில்லை என்று கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

கட்டைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பிரிமணையில் வைத்துத் தட்டினேன். ஒன்பதாவது கட்டையில் அந்தக் கரகரப்பு கேட்டது. நெஞ்சுக் கட்டை. பக்கத்தில் இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அத்தனைக்கும் நடுவில் கேட்டது. என் காதைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்று நான் எதுவும் செய்யவில்லை. குறுக்குக்கோடு போடவில்லை, அவ்வளவுதான். கட்டையை என் மேஜைக்கு அடியில் தள்ளி ஒரு கோணியைப் போட்டு மூடினேன். பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் காலையில் வந்ததும் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். வெடிப்பு ஆறிவிட்டதா என்று பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஆறாது, அது எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் அதன் ஒரு முகத்தில் மயிரிழை போல் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அதை அடைத்து, மேலே மெழுகு பூசினேன். காய்கிற கட்டையின் முகத்தில் மெழுகு பூசுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். யார் பார்த்தாலும் அதில் தப்பு சொல்ல முடியாது.

அதுவரைக்கும் அது ஒரு கெட்ட கட்டை மட்டும்தான். எந்த நிமிஷத்திலும் அதை அடுப்புக்கு அனுப்பியிருக்கலாம்.

பத்தாம் நாள் பிரியா போன் செய்தாள். "அப்பா, ஆவணி ஏழாந்தேதி கிருஷ்ணகிரி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சுக்கலாம்னு இருக்கோம். பெரிசா எதுவும் வேணாம். நீங்க வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்பா" என்றாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் அம்மா போன பிறகு அப்படியொரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சாக்பீஸ் எடுத்து அந்தக் கட்டையில் டிக் போட்டேன்.

பதினோராம் நாள், புதன்கிழமை, காலை டீ முடிந்ததும் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏழாம் நம்பர் மெஷினுக்கு நானே கொண்டுபோனேன்.

இந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம்பரிதி வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் டிக் போட்ட ஒரு கூம்புக் கட்டையைப் பழக்கம் தெரியாமல் தட்டிப் பார்த்துவிட்டான். மதியம் எல்லாரும் கை கழுவப் போன பிறகு, கட்டையைத் துண்டில் மறைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ணா, இது ஒண்ணு மட்டும் இன்னொரு தபா பாருங்களேன்" என்றான். தட்டினேன். கரகரத்தது. "தெரியும்டா. கண்டுபிடிக்கிறியான்னு பாக்கத்தான் டிக் போட்டு அனுப்பினேன்" என்று சொன்னேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்ணா" என்று போய்விட்டான். மூன்று நாள் அவனிடம் நான் பேசவில்லை. அதன் பிறகு என் டிக் இருக்கிற கட்டையை அவன் தட்டியதே இல்லை. அந்தப் பட்டறையில் என்னைத் தவிரக் கட்டையின் பேச்சு புரிந்தவன் அவன் ஒருவன்தான்.

புதன்கிழமைக்கு வருகிறேன். கட்டையை மெஷினில் ஏற்ற அவனுக்கு ஒரு கை கொடுத்தேன். திருகுகளை முடுக்கினான். முடுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் விரலை வளைத்துக் கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். விரலை மடக்கிக்கொண்டு, கட்டையிலிருந்த தூசியைத் துடைக்கிறவன் போலத் துடைத்தான்.

நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். முப்பது அடி இருக்கும்.

முதலில் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். மூலைகள் உருண்டு வரும்வரை கட்டை தடதடக்கும். அந்தத் தடதடப்புக்கு அடியில், சுற்றுக்கு ஒரு தடவை, 'டிக்' என்று ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. மற்ற ஆறு மெஷினும் ஓடுகின்றன. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது.

மெஷினை நிறுத்தினான். ஏழாம் நம்பர் நின்றால் பட்டறையே பாதி அமைதியாகிவிடும். முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். எல்லார் முன்னிலையிலும் என் டிக்கைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, தன்மேலேயே சந்தேகப்படுகிறவன் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ணா, எனக்கென்னமோ லேசா ஒரு சத்தம் வர்ற மாதிரி இருக்குது. நீங்க பாத்ததுதான?"

மேடம், இதுவரைக்கும் நான் எழுதியதில் நான் செய்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கோடு போடாமல் விட்டேன், ஒரு டிக் போட்டேன். அந்த நேரத்தில் நான் எழுந்துபோய்க் கட்டையைத் தட்டி, "ஆமாண்டா, எறக்கு" என்று சொல்லியிருந்தால் அதுவும் ஒரு சோதனை என்று போயிருக்கும். அவன் "சரிங்ணா" என்றிருப்பான். ஆவணி ஏழாம் தேதி நான் கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. நான் பாத்ததுதான். வேகம் வெச்சு ஓட்டு" என்றேன்.

பட்டறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாயம் பூசுகிற ஜோதியம்மாள் பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இளம்பரிதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வெட்கப்பட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சரிங்க மாமா" என்றான். பட்டறையில் வைத்து அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வேகத்தைக் கூட்டி, உளியைச் சாய்த்தான்.

கட்டை பிளந்தபோது ஒரு பாதி கூரைத் தகரத்தில் போய் மோதியது. இன்னொரு பாதி கூரைவரை போகவில்லை.

அவனைத் தூக்கியது நான்தான். வேனில் கிருஷ்ணகிரி போகும்வரை அவன் தலை என் மடியில்தான் இருந்தது. பர்கூர் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிட்டது, மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சாந்தம்மா என் காலருகில் வந்து விழுந்தாள். நான் எதிர்பார்த்தது வேறு. "உங்க மேல தப்பில்ல சாமி. நீங்க என்னா பண்ணுவீங்க. வயசாயிடுச்சு, காது மந்தம். எம்புள்ளைக்கு விதி" என்றாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

மறுவாரம் முதலாளி கிருஷ்ணப்பன் விசாரணை வைத்தார். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், மெல்லிய மனசு. என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று மெதுவாக, "சென்னப்பா, காபி பேக்கா?" என்று, காபி வேண்டுமா என்று, கேட்டார். கேட்டது. நான் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அதற்கும் திரும்பவில்லை. மூன்றாவதுக்குத் திரும்பினேன். என் தோளைத் தொட்டு, "பரவால்ல பிடு. வயசானா எல்லாருக்கும் ஆகும். யாரும் உன்ன தப்பு சொல்லல்ல" என்றார். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் என்று பார்த்தால் அந்த இரண்டு தடவை திரும்பாமல் இருந்ததுதான்.

ஒரு மாதம் பிரியா என்னோடு பேசவில்லை. பிறகு புரட்டாசியில் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது இங்கிருந்துதான் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். வந்த அன்று என் எதிரில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஜோதியக்கா சொன்னாங்கப்பா. கடைசியா நீங்க அவர மாப்ளன்னு கூப்டீங்களாமே. எல்லார் முன்னாடியும். அது போதும்பா எனக்கு" என்றாள். ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள், எனக்குக் காது கேட்காது அல்லவா.

ஆக, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெண் வீட்டோடு இருக்கிறாள், எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். பங்காளிகள் மரியாதையாகப் பேசுகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆனால் பட்டறையில் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். என்னை அட்டைப்பெட்டி ஒட்டுகிற பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். தட்டுகிற வேலைக்கு வந்தவனுக்குக் கட்டையின் பேச்சே தெரியாது, கதவைத் தட்டுகிற மாதிரி தட்டுகிறான். நான் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று கெட்ட கட்டையை உள்ளே விட்டான். சொன்னேன். "சரி தாத்தா, சரி தாத்தா" என்று என் காதருகே வந்து கத்திவிட்டுப் போனான். எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பிரியா கிருஷ்ணகிரியிலிருந்து காது மிஷின் வாங்கி வந்தாள். அதை இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். பேட்டரி கவரைக்கூட நான் பிரிக்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முப்பத்தொரு வருஷத்தில் என் காது ஒரே ஒரு தடவைதான் தவறியிருக்கிறது. அந்தக் கூம்புக் கட்டை. அது சோதனை இல்லை. நான் நல்ல கட்டை என்று நினைத்துத்தான் டிக் போட்டேன். இளம்பரிதிக்கு அது தெரியும். அன்று அவன் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிரியாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

பிரியா தினமும் வேலையிலிருந்து வந்ததும் பின்கட்டில் பாத்திரம் கழுவுவாள். அப்போது அழுவாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுவதில்லை, அடக்கிக்கொள்வதும் இல்லை. அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாள். வீட்டில் இருக்கிற ஒரே ஆளுக்கும் காது கேட்காது என்பதால் அப்படி அழ முடிகிறது. மூன்று மாதமாக நான் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்துபோய் என்னம்மா என்று கேட்க முடியாது. கேட்டால் காது கேட்கிறது என்று ஆகிவிடும்.

அதனால் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அறிக்கையைத் திருத்தத்தான் வந்தேன். கட்டை கெட்டது என்று எனக்குத் தெரியும். டிக் போட்டது நான். அவன் நிறுத்திக் கேட்டபோது ஓட்டச் சொன்னது நான். எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்துதான் செய்தேன். இதில் எந்த வரியிலும் கையெழுத்துப் போடத் தயார்.

சாதிக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனை நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதை அந்தப் பட்டறையில் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.